முந்திரித் தோப்பில் விழுந்த பலூன்

அறுபதுகளின் தொடக்கம். காலை ஐந்தரை மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். அங்கிருந்து எங்கள் ஆராய்ச்சிக் குழு விட்ட பலூன் கறம்பக்குடிக்கு அருகே ஒரு முந்திரித் தோப்பில் விழுந்து கிடப்பதாக, முந்தைய நாள் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர் தந்தி அடித்திருந்தார்.

பலூனில் கட்டிய தகரப் பெட்டிக்குள் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை எண்ணும் கருவியும், அந்த எண்ணிக்கையைப் புள்ளிகளாகப் பதியும் பிலிம் சுருளும் இருந்தன. சூரியனிலிருந்து எந்நேரமும் ஒரு காற்று வீசுகிறது என்பது அப்போதுதான் உறுதிப்பட்டிருந்தது. அது சீராக வருகிறதா, சுழித்துக் குழம்பி வருகிறதா? அதைக் கடந்து வரும் கதிர்கள் கூடுவதையும் குறைவதையும் கொண்டு கணிக்கப் பார்த்தோம். முன்பு விட்ட இரண்டு பலூன்கள் கடலோடு போயின. இந்தச் சுருளில் வெளிச்சம் பட்டுவிட்டால் மூன்றாவதும் வீண்.

புதுக்கோட்டையில் பத்து மணிக்கு ஆலங்குடி வழியாகப் போகும் கறம்பக்குடி பஸ் கிடைத்தது. டிக்கெட் தொண்ணூறு நயா பைசா. கண்டக்டரிடம் போகிற காரியத்தைச் சொன்னேன்.

"அந்தப் பெட்டியா? நேத்தே தெறந்து பாத்துட்டாங்களாமே, சார்."

அதன் பிறகு ஆலங்குடி வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு இறங்கி, செம்மண் வண்டித் தடத்தில் இரண்டு மைல் நடந்தேன். தோப்புக்குச் சொந்தக்காரி சின்னம்மாள் வீட்டு வாசலில் பெட்டி மூடியில்லாமல் கிடந்தது.

"எங்க வீட்டுக்காரருதான் தெறந்தாருங்க. டிக் டிக்குன்னு சத்தம் கேட்டுச்சா, குண்டுன்னு பயந்துட்டோம்."

"உள்ளே கறுப்புத் துணி சுத்தின டப்பா ஒண்ணு இருந்ததாம்மா?"

"அதையும் பிரிக்கத்தான் போனாரு. வெளிச்சம் படக்கூடாதுன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு அவரு கையப் புடிச்சுட்டேன். வெயிலு ஆகாதேன்னு நெல்லுக் குதிருக்குள்ள வச்சிருக்கேன்."

எடுத்து வந்து கொடுத்தார். துணியில் போட்ட தையல் பிரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார்.

"இதுல அப்படி என்னங்க இருக்கு?"

சூரியக் காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

"களத்துல தூத்துறப்ப பதரு போற போக்கப் பாத்துக் காத்தக் கண்டுக்கிறோமே, அது மாதிரிங்களா?"

"அதே மாதிரிதாம்மா."

மதுரை போகும்வரை பொறுக்க முடியவில்லை. புதுக்கோட்டைக் கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சி, அவருடைய இருட்டறையில் சுருளின் நுனியில் ஒரு சாண் மட்டும் வெட்டிக் கழுவினேன். வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தபோது மணி ஐந்து. பிலிமில் புள்ளிகள் வரிசை வரிசையாக, ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழுந்திருந்தன. வெளிச்சம் பட்டிருந்தால் முழுக்கக் கறுத்திருக்கும்.

ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஒரு மொகத்தையும் காணோம்? வெறும் புள்ளியால்ல இருக்கு?"

"அதுதாங்க வேணும்," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆறு மணி பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பினேன். பலூன் எங்கும் நிற்காமல் கடந்த தூரத்தை இந்த பஸ் ஊருக்கு ஊர் நின்று, மூட்டை இறக்கி, ஆள் ஏற்றிக் கடந்தது. எனக்கு அவசரமே இல்லை.