டெல்லிக்குப் போகிற பெட்டி

அம்மா டெல்லிக்குப் போகிறாள் என்று முடிவான அன்றுதான், எங்கள் வீட்டில் பெட்டி என்று ஒரு பொருளே கிடையாது என்பது எங்களுக்கு உறைத்தது. அதுவரை அதற்கு அவசியமும் வந்ததில்லை. மலைமேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் இருந்த எங்கள் ஊரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் ஜவுளிக்கடைப் பை போதும். மிளகு விற்கப் போவதென்றால் சாக்கு. அதைத் தாண்டித் தூரம் போனவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை.

அம்மாவும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து மகளிர் குழுவில் சாமையிலும் தினையிலும் லட்டும் முறுக்கும் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். டெல்லியில் நடக்கவிருந்த சிறுதானியக் கண்காட்சிக்கு அந்தக் குழுவிலிருந்து ஒருவரை அழைத்துப் போவதற்காக, மகளிர் குழுக்களைக் கவனித்துக்கொள்ளும் ஆபீஸ் மேடம் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக எங்கள் மலைக்கு வந்தவர் அவர். யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் எல்லோரும் அம்மாவைக் கைகாட்டிவிட்டார்கள். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் ஊர்க் கூட்டத்திலும் எல்லோருக்காகவும் சண்டை போடுகிறவள் அம்மாதான். டெல்லியிலும் யாருடனாவது சண்டை போட வேண்டியிருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

"கட்டைப்பையைத் தூக்கிட்டு வந்துராதீங்க" என்று மேடம் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். "பார்க்க ஸ்டைலா, அதே சமயம் உறுதியா, சக்கரம் வச்ச பெட்டியா ஒண்ணு வாங்கிக்கோங்க. ரயில்ல ஏத்தி இறக்கறதுலயே பிஞ்சு போகக் கூடாது, பாத்துக்கோங்க."

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா டெல்லிக்குப் போவது ஊரிலேயே எனக்கு மட்டும்தான் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அம்மா இல்லாவிட்டால் எனக்குத் தலை பின்னிவிடுவது அப்பாதான். மாட்டுக்குக் கயிறு திரிப்பதற்கும் தலை பின்னுவதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இதை வெளியே சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெட்டி வாங்க நாங்கள் மூவரும் சேந்தமங்கலத்துக்கு இறங்கினோம். கடைவீதியில் ஒரு பேக் கடை. வாசலிலேயே பெட்டிகளைக் கலர் கலராக வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அப்பாவுக்கு முதல் பெட்டியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"இது நல்லாருக்குதல்ல புள்ள?"

அம்மா அந்தக் கறுப்புத் துணிப்பெட்டியின் ஜிப்பை மூன்று முறை திறந்து மூடினாள். "ஜிப்பு தாங்காதுங்க" என்றாள்.

அடுத்து வந்தது கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. அப்பாவுக்கு அதுவும் பிடித்தது. அம்மா குனிந்து, பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல அதன் முதுகில் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். பழம் பழுக்கவில்லை என்பது போல முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, இது மேல நான் ஏறி நிக்கறேன், பாக்கறீங்களா?" என்றார் கடைக்காரர். நின்றும் காட்டினார். அவர் ஒல்லியான ஆள்.

"உங்க எடைக்குத் தாங்குமுங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு ஒன்றின் கைப்பிடி அவளுக்கு ஆகவில்லை. ஒன்றின் சக்கரம் ஆகவில்லை. ஒன்று ரொம்பப் பெரியது, இன்னொன்று ரொம்பச் சின்னது. மயில் கழுத்து நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. வெயிலில் அதைத் திருப்பினால் நீலம் பச்சையாகவும் பச்சை நீலமாகவும் மின்னியது. அம்மா அதன் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு, "பளபளன்னு இருக்கறது எதுதானுங்க நெலைச்சிருக்குது" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. எதைக் காட்டினாலும் தலையாட்டுகிற அப்பாவை அனுப்பியிருந்தால் கடைக்காரர் கிழிந்த பையைக்கூடத் தலையில் கட்டியிருப்பார் என்று தோன்றியது.

கடைசியில் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். வெல்லம் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்தோம். அம்மா டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க" என்றாள். "மேடத்துகிட்ட வேற ஆரையாச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்லிப்போடலாமுங்க. நல்ல பொட்டியும் அமையல. இந்தி தெரிஞ்ச புள்ளைகளா பாத்துக் கூட்டிட்டுப் போனா அவங்களுக்கும் சௌகரியம்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்பா நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, நீ பாத்ததுல உனக்கு எது புடிச்சுது?" என்று கேட்டார்.

போவதே இல்லை என்று ஆகிவிட்டது; இனிச் சொல்வதில் என்ன நஷ்டம்? "மயில் கழுத்துக் கலரு" என்றேன்.

அப்பா எழுந்து போனார். திரும்பி வரும்போது அந்தப் பெட்டி அவருக்குப் பின்னால் நாய்க்குட்டி மாதிரி உருண்டு வந்துகொண்டிருந்தது. "பாப்பாவுக்கு இதுதான் புடிச்சிருக்குதாம்" என்று பழியை என்மேல் போட்டுவிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று அம்மா அந்த வெல்லத்தைப் பெட்டிக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். 

பஸ்ஸில் பின்வாசலை ஒட்டி இடம் கிடைத்தது. கண்டக்டர் பெட்டியைப் படுக்க வைக்கச் சொன்னார். புதுப் பெட்டி, அழுக்காகிவிடும் என்று அப்பா நிற்க வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். காரவள்ளி வரைக்கும் பெட்டி ஒழுங்காக நின்றது. அதற்குப் பிறகு மலை ஏறத் தொடங்கி, வளைவுகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்கு உயிர் வந்தது. அப்பா டிக்கெட்டுக்காகக் கையை எடுத்த நேரத்தில் டிரைவர் பிரேக் போட, அது நழுவி முன்னால் ஓடியது. அங்கே இருந்தவர்கள் பிடித்துப் பின்னால் அனுப்பினார்கள். அடுத்த வளைவில் மறுபடியும் ஓடியது. பஸ்ஸே அதை வைத்து விளையாட ஆரம்பித்துவிட்டது. "டெல்லிப் பொட்டி வருது, வழி உடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். விஷயம் அதற்குள் எப்படித்தான் பஸ் முழுக்கத் தெரிந்ததோ. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்ததாக ஒரு கொண்டை ஊசி வளைவு. டிரைவர் கொஞ்சம் வேகமாக ஒடித்தார். முன்னாலிருந்து கிளம்பிய பெட்டி இந்த முறை யார் கைக்கும் அகப்படாமல் நேராக வந்து, பின்வாசல் படிகளில் தடதடவென்று இறங்கி வெளியே போய்விட்டது.

விசில் அடித்து பஸ் நின்றபோது அது ரோட்டோரத்துச் சுவரைத் தாண்டிச் சரிவில் போய்க்கொண்டிருந்தது. பாறையில் மோதி எம்பி, புதரில் விழுந்து, மறுபடியும் உருண்டு, நாங்கள் சற்று முன் ஏறி வந்த கீழ்ரோட்டில் போய்ப் படுத்தது. உள்ளூர எனக்குச் சந்தோஷம். இதோடு டெல்லி முடிந்தது.

முதலில் இறங்கியது அப்பா அல்ல, அம்மா.

"அக்கா, நீங்க இருங்க, ஆம்பளையாளுங்க போவாங்க" என்றார் கண்டக்டர். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிளகுத் தோட்டத்தில் இறங்குவது போல, செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கினாள். அப்பா பின்னாலேயே போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிச் சுவரோரம் வரிசையாக நின்றோம். அம்மா பெட்டியை நிமிர்த்துவதும், மண்ணைத் தட்டுவதும், குனிந்து ஜிப்பைத் திறந்து பார்ப்பதும் மேலிருந்து தெரிந்தது. பிறகு அவள் சிரிப்பது கேட்டது. கடையிலும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒருமுறைகூடச் சிரிக்காதவள், நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள்.

பெட்டியோடு சரிவில் ஏற முடியாது. அதனால் ரோட்டைச் சுற்றித்தான் வந்தார்கள். வளைவில் முதலில் அம்மா தெரிந்தாள். கைப்பிடியை நீளமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பின்னால் உருட்டியபடி நடந்து வந்தாள். தலைமுடியில் சருகு ஒட்டியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. தார் ரோட்டில் சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட்டன. அப்பா கை நீட்டினார்.

"உடுங்க, நானே இழுத்துக்கறேன்" என்றாள் அம்மா.

பெட்டியின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். அவ்வளவுதான். ஜிப்பும் சக்கரமும் கைப்பிடியும் அப்படியே இருந்தன. வெல்லம்தான் தூள்தூளாகிவிட்டது. "பரவால்ல, லட்டுக்கு இடிக்கற வேலை மிச்சம்" என்று அவள் சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இம்முறை பெட்டியை அம்மாவே தன் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முன்சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "எந்தூருக்குப் போறீங்கக்கா?" என்று கேட்டாள்.

"டெல்லிக்குங்க" என்றாள் அம்மா. "வர்ற வாரம் கெளம்பறேன்."

அப்படியே கிளம்பியும் போனாள். சேலத்தில் ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் முதல் அப்பா என் தலையில் கயிறு திரித்தார். சாயங்காலங்களில் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு இருவரும் ஏறிப் போவோம். போனில் அம்மா சத்தம் போட்டுப் பேசுவாள், பின்னால் ஒரே இரைச்சலாக இருக்கும். கடை போட மூலையில் இடம் ஒதுக்கினார்களாம். அம்மா இந்தி தெரியாமலேயே சண்டை போட்டு முன்னால் வாங்கிவிட்டாளாம். தினை லட்டு தீர்ந்துபோய்விட்டதாம். அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரி புள்ள, சரி புள்ள" என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். போனில் தலையாட்டினால் தெரியாது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

அம்மா திரும்பி வந்த பிறகு துணிகளை எல்லாம் துவைத்துப் போட்டாள். பெட்டியை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காய வைத்தாள். எப்போதாவது தேவைப்படுகிற சாமான் எதுவானாலும் எங்கள் வீட்டில் அது பரணுக்குத்தான் போகும். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி நின்று, பெட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"மேல வேண்டாமுங்க. இங்கயே கெடக்கட்டும்" என்றாள் அம்மா. கைப்பிடி வெளிப்பக்கம் இருக்கும்படி பார்த்து, அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

அப்பா ஸ்டூலின் மேல் நின்றபடியே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு இறங்கினார். அவ்வளவு தூரம் போய்வந்த களைப்பில், பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக்கூட அம்மாவுக்குத் தெம்பில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.