ரோஜாப் பெட்டிக்குள் போன ஊசி

சூசைமேரிக்குக் கை வேகம்; வாய் அதைவிட வேகம். கெலமங்கலம் சாலையில் இருக்கும் ரோஜாத் தோட்டத்தின் பேக்கிங் கொட்டகையில் பதினாறு வருடமாகப் பூ தரம் பிரிக்கிறாள். அவள் இருபது பூவை ஒரே கட்டாகக் கட்டிப் போடும்போது பக்கத்தில் நிற்பவள் பத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் கூட வேலை செய்யும் முனிலட்சுமி ஓரமாக ஒதுங்கிச் சர்க்கரை ஊசி போட்டுக்கொள்ளும்போதெல்லாம், "நடமாடுற ஆஸ்பத்திரி வந்துடுச்சு, வழி விடுங்கடி" என்று கொட்டகையையே சிரிக்க வைத்தவள் அவள்தான். முனிலட்சுமியும் கூடவே சிரித்துவிடுவாள்.

அந்த வாய் அடைத்துப்போனது ஒரு தும்மலால். ஐம்பத்தொன்பது வயதில், வீட்டு வாசலில் தும்மியவளுக்கு முதுகெலும்பு ஒன்று நசுங்கியது. எலும்பு உள்ளே பொத்தலாகிவிட்டது என்றார் கிருஷ்ணகிரி டாக்டர். தினம் ஓர் ஊசி, இரண்டு வருடம். பேனா மாதிரி இருக்கும், தானே போட்டுக்கொள்ளலாம். ஆனால் எப்போதும் குளிரிலேயே வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. பளு தூக்கவே கூடாது.

கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். காரணம் இருந்தது. ஆபரேஷன் முடிந்து வந்து லேசான வேலை கேட்ட லாவண்யா என்ற பெண்ணை, "வீட்லயே ரெஸ்ட் எடும்மா" என்று நல்ல விதமாகவே அனுப்பிவைத்தார்கள். லாவண்யா திரும்பி வரவேயில்லை. சூசைமேரியின் வீட்டுக்காரர் சிங்கராயருக்குக் கண் பார்வை மங்கி மூன்று வருடமாகிறது. இவள் வேலையும் போனால் அடுப்பு எரியாது.

வாடகை வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. கொட்டகையை ஒட்டியே பூவுக்கான குளிர் அறை இருந்தது. அதற்குள் சுவரோரம் சும்மா கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றின் அடியில், காகிதத்துக்குக் கீழே பேனாவை வைத்தாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கதவை ஒட்டி நின்று வயிற்றில் குத்திக்கொள்வாள். விடுமுறை நாளிலும் ஒரு நடை வருவாள். கேட்டால் குடையை மறந்துவிட்டேன் என்பாள். குடையை இத்தனை தடவை மறந்தவள் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது.

பிப்ரவரி வந்தது. காதலர் தினத்துக்கு ராப்பகலாகப் பூ போனது. பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அந்தச் சுவரோரத்துப் பெட்டியையும் எடுத்துப் பூவை அடுக்கிப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சூப்பர்வைசர் ராஜ்குமார் செல்போனை எல்லோர் முகத்துக்கும் நேராக நீட்டினான். படத்தில் ரோஜாவுக்கு நடுவே அவளுடைய பேனா கிடந்தது.

"பூ வாங்கறவன் காறித் துப்பறான். யாருது இது?"

கூட்டத்திலிருந்து ஏதோ ஒரு குரல், "ஊசி போடறது முனிலட்சுமிதானே" என்றது.

"என்னுது இல்ல சார்" என்றாள் முனிலட்சுமி. படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

சூசைமேரி குனிந்து பூவைக் கட்டினாள். பதினாறு வருடம் கொட்டகையைக் கட்டி ஆண்ட வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. முனிலட்சுமியைத் தண்டனையாக, ரோஜா வளரும் பாலித்தீன் குடிலில் களை பிடுங்க அனுப்பினார்கள். அங்கே உச்சி வேளையில் மூச்சு முட்டும். சர்க்கரைக்காரிக்கு அது எப்படி இருக்கும் என்று சூசைமேரிக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு நாள் பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊசியும் இல்லை, சோறும் இறங்கவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுக்கவே கூசியது.

ஐந்தாம் நாள் முனிலட்சுமி குடிலுக்குள் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தாள் என்றார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்கார வைத்திருந்தார்கள். சூசைமேரி நேராக ராஜ்குமாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா லேபிள் ஒட்ற டேபிள்ல உக்கார வெச்சிருப்பேனேம்மா" என்றான்.

அவள் இத்தனை நாள் பயந்து மறைத்ததற்கு வந்த பதில் அவ்வளவுதான்.

குடிலுக்கு ஓடினாள். முனிலட்சுமியின் முன்னால் நிற்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அது என்னுதுடி."

"தெரியும்க்கா. என்னுது சிரிஞ்சு, அது பேனா. நீ குளிர் ரூமுல குத்திக்கறத ரெண்டு தரம் பாத்திருக்கறன்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தன்." முனிலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெனம் சாயந்திரம் வரைக்கும் பாப்பன். சரி, நாளைக்கிச் சொல்லுவான்னு வூட்டுக்குப் போயிடுவன்."

சூசைமேரி அழுதாள். அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

"புது ஊசி வாங்கியாந்தா எங்க வூட்டு ஃப்ரிட்ஜுல வெய்யி" என்றாள் முனிலட்சுமி. "ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கறன். நீ எப்பக் கேட்டிருந்தாலும் வேணான்னா சொல்லியிருப்பன்?"

இப்போது இரண்டு பேர் மருந்தும் அந்த ஃப்ரிட்ஜின் ஒரே கதவுத் தட்டில் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு சூசைமேரி அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். முனிலட்சுமி பேனாவை எடுத்துக் கொடுத்து, "போட்டுக்கோக்கா" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போகிறாள். ஒரு நாளும் பழையதைக் கிளறியதில்லை. ஊசி வலிப்பதில்லை. கதவு திறக்கும்போது அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் அவளால் இன்னும் முடியவில்லை.