கிளம்பாத விருந்தாளியின் பல்லவி

கண் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் அவள் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறாள். பெயரைக் குறித்துக்கொள்வாள், சொட்டு மருந்து விடுவாள், கண்ணை மூடி உட்காரச் சொல்வாள். கண்ணை மூடியவர்கள் வாயைத் திறந்துவிடுவார்கள் என்பது அந்த மேசை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். “அவசரமே இல்லைம்மா, மெதுவா கூப்பிடுங்க” என்று சொன்னவர்தான் அடுத்த நிமிடமே தன் முறை வந்துவிட்டதா என்று விசாரிப்பார். இதைப் பொய் என்று அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். சொல்பவருக்கும் உண்மை தெரியும், கேட்பவருக்கும் தெரியும். பிறகு யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பாள். யோசித்துப் பார்த்தால் மறுப்பது கடினம்தான்.

அவள் பாட்டும் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அச்சகத்தின் மாடியில், காகிதக் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்க்கும் சின்ன நாடகக் குழுவில் அவளுக்குப் பெயர் ‘கவிஞர்’. பாதி மரியாதை, பாதி கிண்டல். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், எல்லோருக்கும் ‘வாத்தியார்’. இந்த முறை அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய நகைச்சுவை நாடகம். இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் சம்பந்தம் பேச உட்காருகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் அதில் விருப்பமில்லை. ஆனால் வேண்டாம் என்று முதலில் சொல்பவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவார். அதனால் நாடகம் முழுக்க ஒருவரையொருவர் புகழ்ந்தே கொல்கிறார்கள்.

இதைப் பாட்டு நாடகமாக்கலாம் என்று சொன்னது அவள்தான். வாத்தியார் அரை மனதோடு தலையாட்டினார். ஆறு பாட்டு எழுதினாள். பெண்ணின் அம்மாவாக நடித்தது அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. குழுவிலேயே நல்ல குரல் அவருக்குத்தான். அது அவருக்கும் தெரியும்.

முதல் முழு ஒத்திகைக்கு அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள். வசனத்துக்கெல்லாம் சிரிப்பு. பாட்டு வந்ததும், இந்த வீட்டில் மகளைக் கொடுக்க மனமில்லையே என்று நாத்தனார் உருகி உருகிப் பாடினார். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மனதில் இருப்பதை அம்மாவே பாடிக் கொட்டிவிட்ட பிறகு, மூடி மறைக்க என்ன மிச்சம்?

வாத்தியார் சுற்றிவளைக்கவில்லை. “பாட்டு நல்லாத்தான் இருக்கு, கவிஞரே. நாடகத்துக்குத்தான் ஆகலை. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். சரிவரலைன்னா வெறும் வசனமாவே போட்டுடலாம்.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. தன் பாட்டு ஒன்றாவது மேடை ஏற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதுவரை எழுதியவற்றில் ஒன்றுகூட அந்த அச்சகத்தின் படியைத் தாண்டியதில்லை.

அந்த வாரத்தில் நாத்தனாரும் அவருடைய கணவரும் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடித்து முடித்து, கிளம்புகிறோம் என்று நாத்தனார் எழுந்தார். எழுந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மகனுடைய புது வேலையைப் பற்றிச் சொன்னார். பிறகு மறுபடியும் கிளம்பினார். கூடத்து நடுவில் முழங்கால் வலி வந்தது. வலிக்குப் பார்த்த வைத்தியமெல்லாம் வந்தது. இன்னொரு முறை கிளம்பினார். வாசலில் ஒரு காலில் செருப்பு ஏறியது. மறுகால், மாடி வீட்டுக்காரி கதை முடியட்டும் என்று காத்திருந்தது. அவருடைய கணவர் பாவம், ஒவ்வொரு தடவையும் நாலு அடி முன்னே போய் நாலு அடி திரும்பி வந்தார். இவளும் சளைக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடியே, இருந்துவிட்டுப் போகலாமே என்று ஒவ்வொரு தடவையும் உபசரித்தாள்.

தாழ்ப்பாளைப் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேச்சு எங்கே சுற்றினாலும் ‘கிளம்புகிறோம்’ என்ற அதே வரிக்கு வந்து நிற்கிறது. இது பல்லவி இல்லாமல் வேறென்ன? சரணத்தில் முழங்கால் வரைக்கும் பேசலாம், மனதைத் தவிர. வசனத்தில் மறைத்ததையெல்லாம் பாட்டில் சொல்லவைத்ததுதான் தான் செய்த தப்பு. பாட்டும் மறைக்க வேண்டும், வசனத்தைவிட இனிமையாக.

ஆறையும் ஒதுக்கிவிட்டு ஒன்றே ஒன்று எழுதினாள். இரண்டு குடும்பங்களும் விடைபெறுகின்றன, ஒருவரும் நகர்வதில்லை. பிரமாதமான கவிதை என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்துக்கு வேறு எதுவும் பொருந்தாது என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் அதைப் பாட வேண்டியவர் நாத்தனார். கணவர் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு உடனே எச்சரித்தார். “அக்கா கண்டுபிடிச்சா நான் நடுவுல வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை தாளை நீட்டினாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒருமுறை படித்தார். முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தார்.

“இது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அவள் பக்கத்திலிருந்த காகிதக் கட்டை நேராக அடுக்கத் தொடங்கினாள்.

“எங்க ஓரகத்தியேதான். வாசல்ல நின்னா வேர் விட்டுடுவா அவ. நீ எப்ப அவளைப் பாத்தே?”

“ஏதோ விசேஷத்துல பாத்த ஞாபகம், அண்ணி.”

“நல்லா கவனிச்சிருக்கே. ஆனா ஒண்ணு விட்டுட்டே. அவ செருப்பை ஒரு கால்ல மாட்டிட்டு, இன்னொரு காலைத் தூக்கிட்டே பேசுவா. இரு, செஞ்சு காட்டுறேன்.”

செய்து காட்டினார். அப்படியே பாடவும் பாடினார், முகத்தில் ஒரு சுளிப்பில்லாமல், சொட்டச் சொட்ட மரியாதையோடு. மூன்றாவது தடவை பல்லவி திரும்பி வந்தபோது கீபோர்டுக்காரருக்குச் சிரிப்பில் விரல் வழுக்கியது. துணைக்கு வந்திருந்த நாத்தனாரின் கணவர் மட்டும் சிரிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அச்சகத்துக்காரர்கள் படியேறி வந்து கேட்டார்கள்.

 வாத்தியார் நாடகப் பிரதியைப் பிரித்து, இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஒரு நீண்ட வசனத்தின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டார். பாட்டு அங்கே வரட்டும் என்றார். அவள் எட்டிப் பார்த்துப் பதறினாள்.

“சார், அது மூலத்துல இல்லாதது. நீங்களே எழுதிச் சேத்த வசனமாச்சே?”

“அதனாலதான் இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சுது” என்றார் வாத்தியார். “மீதிப் பாட்டையும் இதே மாதிரி எழுதிக் கொண்டு வாங்க.”