மரத்தைத் தின்ற மாடு

எட்டாம் வகுப்புக்கு நான் அறிவியல் எடுக்கிறேன். பிளாஸ்டிக்கால் வரும் கேட்டைப் பாடமாக நடத்தியபோது பாதி வகுப்பு தூங்கிவிட்டது. சரி, நாடகமாகப் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். தாமல் ஏரியை விழுங்க பிளாஸ்டிக் அரக்கன் வருகிறான், கரையில் நிற்கும் மரம் அவனை விரட்டுகிறது. கதை அவ்வளவுதான். எதையும் விலைக்கு வாங்கக் கூடாது, தூக்கி எறிந்த பொருளில்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். கல்யாண மண்டபத்துத் தண்ணீர் பாட்டில்கள் அரக்கனுக்குப் பல்லும் நகமும் ஆயின. பால் கவர்களைக் கழுவித் தைத்து அவனுக்கு அங்கி செய்தோம். பட்டுச்சேலை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டிகள் மரமாயின. பழைய சுவரொட்டிகளை இலைகளாக வெட்டி, மைதா பசை காய்ச்சி ஒட்டினோம். அரக்கனாக நடிக்க எல்லாருக்கும் ஆசை. வகுப்பிலேயே பெரிய தொண்டையுள்ள மாணவிக்கு அதைக் கொடுத்தேன். மரத்துக்குள் நிற்க யாரும் முன்வரவில்லை. சீட்டுப் போட்டதில் சிக்கியவள் என்னை முறைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

நாடகத்தன்று தேரடியில் நல்ல கூட்டம். "இந்த ஏரி எனக்குத்தான்!" என்று அரக்கன் கர்ஜித்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பசுமாடு வந்தது. நேராக மரத்திடம் போய் ஓர் இலையைப் பிய்த்துத் தின்றது. ஊர்ச் சுவரொட்டிகளைத் தின்று வளர்ந்த மாட்டுக்கு மைதா பசையின் வாசனை தெரியாதா?

"டீச்சர், மாடு என்னைத் துன்னுது!" என்று மரம் அலறியது.

இதுவும் நாடகம்தான் என்று கூட்டம் கைதட்டியது. நான் முந்தானையை வீசி விரட்டிப் பார்த்தேன். மாடு என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இலைகளை முடித்துவிட்டு அரக்கனின் பால் கவர் அங்கியைக் கவ்வியது.

வசனமெல்லாம் மறந்துபோன அரக்கன் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச ஆரம்பித்தாள்.

"அத்தத் துன்னாதம்மா! பிளாஸ்டிக்கு! வயித்துல போயி அடைச்சிக்கும், செத்துப் பூடுவ! உனுக்குப் புண்ணியமாப் போவும், விடும்மா!"

நான் ராத்திரியெல்லாம் விழித்து எழுதிய வசனத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லை. கூட்டத்திலிருந்த பூக்கடைக்கார அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, ஒரு வாழைப்பழத்தைக் காட்டி அங்கியை மீட்டுக் கொடுத்தார்.

சிறப்பு விருந்தினர் கடைசிவரை வரவில்லை. அவருக்காக வாங்கிய பொன்னாடையோடு தலைமையாசிரியர் திகைத்து நின்றார்.

"மாட்டுக்குப் போடுங்க சார்! சூப்பரா நடிச்சிருக்குது!" என்று யாரோ கத்த, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் மாட்டுக்குப் போர்த்தினார். மாடு கழுத்தைத் திருப்பி அதன் ஓரத்தை வாய்க்குள் இழுத்தது.

"சார், அதுவும் பாலியஸ்டர் சார்!" என்று அரக்கன் மறுபடி பாய்ந்தாள்.

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பட்டு நெய்கிறவர்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பக்கத்து ஊரான முசரவாக்கத்தில் இந்த நாடகத்தைப் போட எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாட்டையும் அழைத்து வரச் சொல்கிறார்கள்.