பாஸ்புக்கின் முதல் பக்கம்

எங்கள் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு நாற்காலி நிரந்தரமாகக் கிடக்கும். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காலை பத்து மணிக்கு வந்து அதில் உட்காருவார். செத்துப்போனவர்கள் வங்கியில் போட்டு மறந்த பணத்தைக் குடும்பத்துக்கு மீட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. யார் வந்தாலும் முதல் கேள்வி, "வாரிசு யார் யாரு?" அதனால் தெருவே அவரை வாரிசு சார் என்கிறது. கூலி வாங்க மாட்டார். ஆனால் திட்டுவார், கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவரை நான்கு மாதம் பாடாய்ப் படுத்திய குடும்பம் ஒன்று உண்டு. அப்பா லாரி ஓட்டியவர், இறந்து மூன்று வருடம். முதலில் மகள் வந்தாள். தையல் வேலை செய்கிறவள்.

"அம்மாவுக்குச் சுத்தமா காது கேக்கல சார். மெஷின் வாங்கணும். அப்பா பேங்க்ல ஏதோ போட்டு வச்சிருந்தாரு. அண்ணனுங்களுக்குத் தெரிய வேண்டாம்."

மறுவாரம் பெரியவன் வந்தான். தங்கச்சிக்குத் தெரியக் கூடாதாம். அடுத்து சின்னவன். அவனுக்கோ இரண்டு பேருக்குமே தெரியக் கூடாது. வாரிசு யார் என்றால் மூவருக்கும் ஒரே பதில்: "நான்தான் சார்." ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் போட்டுக்கொண்டிருந்த எனக்கே தலை சுற்றியது.

கூத்து அதோடு நிற்கவில்லை. இறப்புச் சான்றிதழ் மகளிடம், அப்பாவின் அடையாள அட்டை சின்னவனிடம், பாஸ்புக் பெரியவனிடம். ஒருவர் வைத்திருப்பதை இன்னொருவர் கண்ணில் காட்ட மாட்டார்கள். பெரியவன் பாஸ்புக்கைக் கொண்டுவரவே இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"முதல் பக்கம் எங்கப்பா?"

"அது வீட்ல பத்திரமா இருக்கு சார். அதுல என்ன, வெறும் பேரும் அட்ரஸும்தானே."

வாரிசு சார் தலையில் அடித்துக்கொண்டார். வாரிசுச் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க, மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க நாயாய் அலைந்தார். ஒருவன் வந்தால் மற்றவன் எழுந்து போனான். மகள் மட்டும் தவறாமல் வந்து, "மெஷினுக்குக் கிடைச்சா போதும் சார், மிச்சத்தை அவங்களே எடுத்துக்கட்டும்" என்று கண்கலங்குவாள். அந்த அண்ணன்மாரைக் கன்னத்தில் நாலு அறை விடலாம் போலிருக்கும் எனக்கு.

கடைசியில் வாரிசு சாரே பெரியவன் வீட்டுக்குப் போய், கத்திக் கூப்பாடு போட்டு, பாஸ்புக்கோடு அவனையும் இழுத்து வந்தார். விஷயம் தெரிந்து மற்ற இருவரும் ஓடி வந்தார்கள். முதல் பக்கத்தைத் திறந்தார். முகவரிக்குக் கீழே, நாமினி என்ற இடத்தில், அவர்கள் அம்மாவின் பெயர். இந்த மூவரின் கையெழுத்தும் தேவையே இல்லை. அம்மா ஒருத்தி போட்டால் போதும்.

"வீட்ல அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. வாரிசுன்னு ஒருத்தன் வாயிலயும் வரலியேடா!"

"அம்மாவுக்குத்தான் காது கேக்காதே சார்," என்றான் சின்னவன்.

வாரிசு சார் பாஸ்புக்கை மூடினார். பிறகு, "நானும்தான் கேக்கல. முப்பது வருஷம் பேங்க்ல என்னத்தக் கிழிச்சேனோ" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அம்மா வந்தார், கையெழுத்துப் போட்டார், பணம் வந்தது. மகளோடு போய் மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டு, நேராகக் கடைக்கு வந்து வாரிசு சாருக்கு நன்றி சொன்னார். பின்னாலேயே மகன்கள் இருவரும் வந்து, மிச்சம் யாருக்கு என்று நடுக்கடையில் ஆரம்பித்தார்கள். அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார்.

"இதைக் கேக்கவா சார், நாலு மாசம் அலைஞ்சீங்க?"