பார்க்கிற தண்ணீர்

அரைப் பாட்டில் தண்ணீரை என் சாப்பாட்டு மேசையின்மேல் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். "சார், உங்க மேச சன்னல் பக்கமா சாயுதே, சாப்பிடறப்ப தெரியலயா?" என்கிறார். இத்தனை வருஷமாக நிம்மதியாகச் சாப்பிட்டவன் நான். அன்றிலிருந்து தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொழில் மெக்கானிக். ஊர் வைத்த பேர் பம்பரம். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் பழைய கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. போனில் பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றுவார், பேச்சு நீண்டால் தெருமுனை வரை போய்விடுவார். கல்யாண போட்டோவில் அவர் முகம் மட்டும் கலங்கலாக இருக்கும். "அங்கயும் அசைஞ்சுட்டாரு" என்பார் மனைவி.

பாட்டில் எப்போதும் கால்சட்டையின் பின்பையில். அதை யாரும் குடிக்கக் கூடாது. தாகத்தில் ஒருமுறை மச்சினன் மூடியைத் திருக, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "மாப்ள, அது குடிக்கிற தண்ணி இல்ல, பாக்குற தண்ணி!"

அந்த மச்சினனின் வேன்தான் அவரை இந்த மாதம் பாடாய்ப் படுத்தியது. பழைய பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, டர்போ வைத்த டீசல் இன்ஜினை ஏற்றினார். பட்டறையில் ஒழுங்காக ஓடியது. நான் குடியிருக்கும் மேட்டுத் தெருவில் ஏறினால் நீலப் புகை. திங்கட்கிழமை முதல் மேட்டு ஆஸ்பத்திரிக்கு வெளுத்த துணி ஏற்றும் வேலை மச்சினனுக்கு. புகைகிற வண்டியை அங்கே கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். மச்சினன் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். மனைவி நிறுத்தவில்லை. "வெளியாளு வண்டின்னா ஒரே நாள்ல முடிச்சிருப்பீங்க. என் தம்பின்னா மட்டும் கை வரமாட்டேங்குதோ?"

"டர்போக்குள்ள ஆயில் போறப்ப பம்பு தள்ளுது சார்" என்று என்னைச் சுற்றி நடந்தபடியே விளக்கினார். "வெளிய வர்றப்ப தள்ள ஆளில்ல. தானா விழணும். கொஞ்சம் தேங்குனாலும் சைலன்சர் பக்கம் போயி எரிஞ்சு மானத்த வாங்கிடும்." எண்ணெய் இறங்கும் அந்தக் குழாயை மூன்று தரம் மாற்றினார். டர்போவையே மாற்றினார். பாட்டிலை வைத்துப் பார்த்தால் சரிவு சரியாகவே இருந்தது. மனிதர் பாதியாக இளைத்துப்போனார். எனக்கே பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால், என் வாசலில் நடுரோட்டில் குப்புறப் படுத்திருக்கிறார். மூக்குக்கு நேரே பாட்டில்.

"சார், இந்தத் தெரு எப்பவும் இப்படித்தானா?"

"நான் குடிவந்த நாள்லேருந்து இப்படித்தான்."

தலையில் அடித்துக்கொண்டார். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் குறுக்கே நின்றதால், குழாயை அதற்கு முன்பக்கமாகச் சுற்றி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு இறக்கியிருந்தார். சமதரையில் எண்ணெய் விழுந்தது. மேடேறும்போது வண்டியின் முன்பக்கம் தூக்குகிறது, குழாயின் கீழ்முனையும் கூடவே தூக்கிக்கொள்கிறது. எண்ணெய் எங்கே போகும்?

"ஊரு பூரா என் பட்டறத் தரை மாதிரியே இருக்கும்னு நெனச்சுட்டேன் பாருங்க!"

அன்றே தொட்டியைக் கழற்றி, மவுண்டிங்குக்குப் பின்னால் புதுத் துளை போட்டு, நேராக விழும்படி குழாயை வைத்தார். ஞாயிறு மாலை வேன் இரண்டு தரம் மேடேறி இறங்கியது. பிறகு என் வாசலில், மேட்டின் நடுவில், இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினார். மனைவி என் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் சைலன்சரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பம்பரம் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார், சைலன்சர் பக்கம் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இருபது நிமிஷம். ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டும் பார்த்தாயிற்று. வெறும் சூட்டுக்காற்றுதான் வந்தது.

"மாமா, போதும். நில்லுங்க" என்றான் மச்சினன். மூன்று வாரத்தில் அவன் பேசிய முதல் பேச்சு.

அவர் நின்றார். பின்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மச்சினனிடம் நீட்டினார்.