ரயில்வே கேட்டில் கேட்ட குரல்

காலை வானொலி நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கல்லூரி வாசலில் உள்ள டீக்கடையில் நின்றிருந்தேன். மாரிமுத்துவிடமிருந்து போன் வந்தது. பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுபவர். எடுத்த எடுப்பில், "அண்ணாச்சி, அக்கா போயிட்டாகன்னு ஒரு மெசேஜ் சுத்துது. ரேடியோல நீங்க ஒண்ணுமே சொல்லல. அப்ப பொய்தானே?" என்றார்.

விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். மதுரை மருத்துவமனையில் அக்காவுடன் இருந்த அவர் தம்பி ஸ்டீபனை அழைத்தேன். போனை எடுத்தார். அழுகைக்கு நடுவே, "ஆமா, அக்கா போயிட்டா" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் மாடியிலுள்ள நிலையத்துக்கு ஏறினேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியும்வரை காத்திருந்து மைக்கைத் திறந்தேன். "நம்ம பியூலாக்கா இன்னைக்குக் காலையில காலமாயிட்டாங்க. அவங்க தம்பிகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்றேன். அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தால் பியூலாக்காவே கோபித்துக்கொண்டிருப்பார்.

திருத்தங்கல் பக்கத்தில், ஒரு கல்லூரியின் மாடியில் இருக்கிறது எங்கள் சமுதாய வானொலி. சிறிய கோபுரம். சாத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலே இரைச்சல்தான் கேட்கும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருந்த உங்களில் பலர் அவரை முகம் பார்த்ததில்லை. குரலாகவே அறிவீர்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவன். ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை.

சாட்சியாபுரத்துக்காரர். பல வருடம் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டார். அம்மா இறந்த பிறகு, தீக்காய முதலுதவி பற்றிப் பேச ஒருநாள் எங்கள் நிலையத்துக்கு வந்தார். எழுதிக் கொண்டுவந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு இப்படித் தொடங்கினார்: "தீ சுட்ட இடத்துல தோசை மாவை அள்ளி அப்பாதீங்க. அது உங்க கை, தோசைக்கல் இல்ல. தண்ணிய ஊத்துங்க. ஊத்திக்கிட்டே இருங்க." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பதிவு முடிந்து வெளியே வந்தவர், "ஏன் சிரிச்சீங்க? மாவு அப்பிக்கிட்டு வந்தவங்க கையை நான்தான் கழுவியிருக்கேன். பிள்ளைங்க கதறும்" என்றார். காலை நிகழ்ச்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். அன்றே கேட்டோம். சரி என்றார்.

அதுவரை அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்கள் எல்லாரும், பெரிய நகரத்து நிலையங்களைக் கேட்டுப் பழகிய மாணவர்கள். மைக்கைத் திறந்ததுமே உற்சாகமாகக் கத்துவார்கள். பியூலாக்கா ஒலிபரப்பில் உட்காருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். விஸ்வநத்தம் போகிற மாரிமுத்துவின் வேனில் ஒரு வாரம் தொழிலாளிப் பெண்களோடு போய்வந்தார். எங்கள் காலை நிகழ்ச்சி முக்கியமாக ஓடுவது அந்த வேன்களில்தான். கம்பெனிக்குள் செல்போனைக் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாட்டும் பேச்சும் அந்தப் பயணத்தோடு சரி.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, வேன்ல அம்புட்டுப் பேரும் தூங்குறாங்க. ஒருத்தி தோள்ல ஒருத்தி சாய்ஞ்சு. செல்வின்னு ஒரு பொண்ணு சொல்லுது, இருட்டோட எந்திரிச்சு சோறு பொங்கி, பிள்ளைகளுக்குக் கட்டி வச்சுட்டு வாறோம், இந்த ரேடியோக்காரன் கத்திக் கத்தி எழுப்பிவிடுதான், அவனை ஒருநாள் எங்ககூட வேலைக்கு அனுப்புங்கன்னு."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"தூங்க விடணும். மெதுவான பாட்டா ஓடட்டும். ரயில்வே கேட் அடைக்கும்லா, அங்கன எல்லா வேனும் நிக்கும். வண்டி நின்னதும் எல்லாரும் முழிச்சுக்கிடுவாங்க. அப்ப நான் பேசுறேன்."

பேசாமல் இருப்பதற்கு ஒரு அறிவிப்பாளர் எதற்கு என்று கேட்டேன். "பேச வேண்டிய நேரத்துல பேசுறதுக்கு" என்றார்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. ரயிலுக்காகக் கேட் அடைத்ததும் மாரிமுத்து எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் பாட்டைக் குறைப்பேன். "என்ன, முழிச்சாச்சா? சாப்பாட்டுத் தூக்கை மறக்காம எடுத்துக்கிட்டீங்களா?" என்று அக்கா தொடங்குவார். ரயில் கடந்து கேட் திறக்கும்வரை அவர் நேரம். யார் வீட்டில் வளைகாப்பு, எந்த ஊரில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று எல்லாம் வரும். முந்தின நாள் சாயங்காலம் பெண்கள் போனில் பேசிப் பதிவு செய்த பாட்டு விருப்பங்களும் வரும். கடைசியில் தினமும் ஒன்றைச் சொல்வார்: "வெடி மருந்து ரூமுக்குள்ள கூட்டமா உட்காரச் சொன்னா எந்திரிச்சு வெளிய வாங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க." தீபாவளி சீசன் நேரத்தில் சில கம்பெனி மேலாளர்கள் இதைப்பற்றிக் கல்லூரியில் குறைபட்டுக்கொண்டது உண்டு. மறுநாளும் அதே வரியைச் சொன்னார். அதற்கடுத்த நாளும்.

பட்டாசுக் கம்பெனி ஒன்று வெடித்த அந்த மதியத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் மாடியின் ஜன்னல் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தெற்கே புகை எழுந்தது. இறந்தவர்கள் என்று வாட்ஸப்பில் பெயர்கள் வரத் தொடங்கின. யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. நிலையத்தின் போன் ஓயவில்லை. கல்லூரியிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "ஜனங்க கேக்குறாங்க மேடம், வந்திருக்கிற பேரையாவது வாசிச்சிருங்க" என்றார்.

"யாரு பார்த்துச் சொன்ன பேரு?" என்று கேட்டார் அக்கா. வந்தவர் கையிலிருந்த போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அப்ப வாசிக்க மாட்டேன்."

பிறகு மைக்கைத் திறந்து வேன் டிரைவர்களைக் கூப்பிட்டார். "வேன் ஓட்டுற தம்பிகளா, உங்க வேன்ல வந்தவங்க எல்லாரையும் கண்ணால பார்த்துட்டீங்கன்னா மட்டும் எனக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க. கேள்விப்பட்டதைச் சொல்லாதீங்க." முதலில் மாரிமுத்து கூப்பிட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "மாரிமுத்து வேன், எல்லாரும் பத்திரம். ஆரோக்கியம் வேன், எல்லாரும் பத்திரம்." பாட்டு இல்லை, வேறு பேச்சு இல்லை. டீக்கடைகளிலும் அச்சாபீஸ் வாசல்களிலும் ஆட்கள் ரேடியோவைச் சுற்றிக் கூடி நின்று கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். ஒருவர் போனில் கதறினார். "என் சம்சாரம் பேரு அந்த வாட்ஸப்புல இருக்கும்மா!" மனைவி எந்த வேனில் போவார் என்று அக்கா கேட்டார். ஆரோக்கியம் வேன். "இப்பத்தான் வாசிச்சேன். உங்க வீட்டம்மா பத்திரமா இருக்காக. அழாம கம்பெனி ரோட்டுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். அந்த மனிதர் நன்றி சொல்லக்கூட மறந்து போனை வைத்தார்.

ஒரே ஒரு வேனைப் பற்றி மட்டும் தகவல் வரவில்லை. அந்த வேனில் போனவர்களின் வீட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "எல்லா வேனையும் சொல்லுதீக, எங்க வேனைச் சொல்லலையே?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு இன்னும் தெரியலம்மா. தெரிஞ்சதும் ரேடியோல சொல்ல மாட்டேன். உங்க வீட்டுக்கே வாரேன்."

பொழுது சாய்கிற நேரத்தில் அரசு மருத்துவமனையிலிருந்து, அவரோடு முன்பு வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் கூப்பிட்டார். அந்த அம்மாவின் மகள் உடலை உறவினர் ஒருவர் அடையாளம் காட்டிவிட்டார், வீட்டில் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை என்றார். அக்கா மைக்கை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு என் பைக்கில் ஏறினார். அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "அம்மா, நான் பியூலா வந்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். முகம் தெரியாத அந்த அம்மாவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. எதற்கு வந்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. அவர் சரிந்து உட்கார்ந்ததையும், அக்கா கூடவே தரையில் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டதையும் நான் பைக்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவையும் செய்த அந்தக் குரல்தான் பிறகு அவரிடமிருந்து போனது. தைராய்டில் கட்டி. மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியை எடுத்தார்கள், ஆனால் குரல் நரம்பு பாதிக்கப்பட்டது. திரும்பி வந்தபோது அவர் பேசியது, காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற சத்தமாக இருந்தது. கல்லூரிச் செயலர் நல்ல மனிதர். அக்காமேல் மரியாதை உள்ளவர். "நீங்க எழுதிக் குடுங்கம்மா, வேற பொண்ணு பேசட்டும்" என்று பக்குவமாகத்தான் சொன்னார்.

"குரல்தான் சார் போச்சு. பேச்சு போகல" என்றார் அக்கா. "ஒரு வாரம் விடுங்க. கேக்குறவங்க வேண்டாம்னா நானே இறங்கிக்கிடுதேன்."

முதல் நாள் நீளமான வாக்கியத்தின் நடுவில் மூச்சு நின்று, வெறும் காற்றுதான் வந்தது. மறுநாள் அவர் வாக்கியங்களை ஒடித்துக்கொண்டு வந்தார். "கேட் அடைச்சாச்சு. முழிச்சுக்கோங்க. இன்னைக்கு வெயில். தண்ணி எடுத்தீங்களா?" அப்படியும் குறை சொன்னார்கள். ஒரு பெரியவர் கூப்பிட்டு, "தகரத்தை உரசுத மாதிரி இருக்கும்மா, காது கூசுது" என்று பதிவு செய்திருந்தார். நான் அதை அழிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். மறுநாள் கேட் அடைத்ததும், அந்தப் பெரியவரின் குரலை அப்படியே ஒலிபரப்பச் சொன்னார். பிறகு பேசினார்: "ஐயா சொன்னது சரி. தகரம்தான். மழை வந்தா, மொத்த வீட்டையும் எழுப்புறது அந்தத் தகரம்தான்."

அன்று சாயங்காலம் முதலில் கூப்பிட்டவர் அந்தப் பெரியவரே. சிரித்துக்கொண்டு ஒரு பாட்டுக் கேட்டார். செல்வி, வேனில் இருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, "அக்கா இல்லாட்டி நாங்க கேட்டுல முழிக்க மாட்டோம்" என்று கத்திப் பதிவு செய்தாள். செயலர் அதைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கரகரப்போடு அவர் இன்னும் சில வருடங்கள் பேசினார். புதிதாகக் கேட்க வந்தவர்களுக்கு அதுதான் பியூலாக்காவின் குரல். வேறு குரல் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

சாட்சியாபுரம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். வேலைநாள். கம்பெனிகளில் அனுமதி கேட்டு வந்த பெண்கள் வேன்களிலிருந்து இறங்கினார்கள். வெடிமருந்துக் கறை படிந்த பருத்திச் சேலையோடு வந்தவர்கள் பலர். போதகர் ஜெபத்தை முடித்ததும் செல்வி முன்னால் வந்து பெட்டியருகே குனிந்து, "இந்த முகந்தானாக்கா நீங்க?" என்று கேட்டாள். வேனில் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து போனவள்தான் அவளும். ஆனால் அந்த முகம் நோயில் அவ்வளவு மெலிந்திருந்தது. ஸ்டீபன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மதுரையில். நோய் முற்றி அவர் படுத்த பிறகு காலை நிகழ்ச்சியை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருந்து பழகியவன். மைக்குக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பெயரைத் தப்பாகச் சொல்கிறேன். அதைத்தான் அவரிடம் புலம்பினேன். "எனக்கு இது வராதுக்கா. நேத்து ரொம்ப மோசம். கேட்டவங்க எல்லாரும் சிரிச்சிருப்பாங்க."

அவருக்கு அன்று குரல் சுத்தமாக இல்லை. என்னைக் குனியச் சொன்னார். காதருகே காற்றாக வந்தது அந்தச் சொல்.

"நேத்து மோசமா? அப்ப நாளைக்கும் போங்க."

அவருடைய பழைய பதிவுகளை வைத்திருக்கிறீர்களா என்று பலர் கேட்கிறார்கள். வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு ஒலிபரப்புவேன். ஆனால் எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். மோசமாகத்தான் பேசினேன். இன்றும் போனேன், தேறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. நாளைக்கும் போவேன்.